பெயர்ப் பலகையை ஏன் கழற்றினோம்



போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவிலுக்கு வந்தவங்க பார்த்திருப்பீங்க. செருப்பு விடுற இடத்துக்குப் பக்கத்துச் சுவர்ல இருந்த திருப்பணி நன்கொடையாளர் பலகை இப்ப இல்ல. நாலு திருகாணி ஓட்டையும், வெயில் படாம பெயிண்ட் புதுசாவே இருக்கிற ஒரு கட்டமும்தான் இருக்கு. அன்னைக்கு ராத்திரிக்குள்ள பதினோரு பேர் எனக்கு வாட்ஸ்அப் அனுப்பிட்டாங்க. "அண்ணே, எங்க அப்பா பேரு எங்க போச்சு?" இது ஒருத்தர். "கமிட்டியில ஏதாவது தகராறா?" இது இன்னொருத்தர்.

தகராறெல்லாம் இல்லீங்க. கோளாறு பலகையில ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல. ஒட்டினது நான். அதனால நானே எழுதிடறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

என்னைத் தெரியாதவங்களுக்கு: வெள்ளிக்கிழமை அன்னதானத்துல சாம்பார் வாளி தூக்கிட்டு வர்ற தொண்டூழியன் நான்தான். பகல்ல காக்கி புக்கிட் பக்கம் ஒரு சைன்போர்டு தொழிற்சாலையில சூப்பர்வைசர். 27 வருஷம் ஆச்சு. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. ஊர்ல இருந்தப்ப மன்னார்குடியில போர்டு எழுதுற ஒரு ஆர்ட்டிஸ்ட் அண்ணன்கிட்ட பெயிண்ட் டப்பா தூக்கிட்டுத் திரிஞ்சேன். சிங்கப்பூர் வந்தப்ப இங்க பிரஷ் வேலை போயிருச்சு. பிளேடு, வினைல் ரோல், கணினி வெட்டுற எழுத்து, இதுதான். கடை போர்டு, வேன்ல ஒட்டுற பேரு, மிஷின் மேல ஒட்டுற எச்சரிக்கை, எல்லாம் எங்க தொழிற்சாலையில போகும். ரோல் உள்ள வரும்போது நல்லதா கெட்டதான்னு பார்த்துக் கையெழுத்துப் போடுறது என் வேலை. இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, எனக்குத் தெரியாம நடந்த தப்பு இல்ல இது. அது உங்களுக்குத் தெரியணும்.

குடமுழுக்கு முடிஞ்ச கையோட, நன்கொடை கொடுத்த 212 குடும்பத்துப் பேரையும் ஒரே பலகையில போடணும்னு முடிவாச்சு. நான்தான் கையைத் தூக்கினேன். கூலி வேண்டாம், மெஷின் முதலாளிகிட்ட கேட்டுக்கலாம், பலகை கமிட்டி வாங்கித் தரும். வினைல் ஒண்ணுதான் வாங்கணும்.

அந்த வாரமே ஒரு அண்ணன் வந்தார். கோவிட் நேரத்துல கடையை மூடினவர். சின்ன ஸ்டிக்கர் கடைதான், ஆனா இருபது வருஷமா நடத்தினது. வேன்ல ஒன்பது ரோல் கொண்டாந்து மண்டபத்துல இறக்கினார். "தம்பி, பணமா கொடுக்க இப்ப முடியல. இது என் பங்கு. அம்மன் வேலைக்கு வெச்சுக்குங்க"ன்னார். குரல் தடுமாறுச்சு.

நான் ஒரு ரோலைக் கையில எடுத்தேன். எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு. பெட்டி இல்ல. உள் குழாய்ல ஒட்டியிருந்த லேபிள் பாதி கிழிஞ்சு, வரிசை எண் இல்ல, தேதி இல்ல. பின்பக்கக் காகிதம் வெறும் வெள்ளை. ஓரத்துல ஒரு விரக்கடை உரிச்சு மடக்கிப் பார்த்தேன், பழைய சினிமா டிக்கெட் அட்டை மாதிரி விறைப்பா நின்னுச்சு. தொழிற்சாலைக்கு இது வந்திருந்தா லாரியை விட்டு இறக்கவே விட்டிருக்க மாட்டேன்.

ஆனா வாயைத் திறக்கல. சாமிக்குன்னு ஒருத்தர் கண் கலங்கிக் கொடுக்கிறதை எப்படி வேண்டாம்னு சொல்றது? பக்கத்துல பொருளாளர் வேற, "நல்லதாப் போச்சு, செலவு மிச்சம்"னு சந்தோஷப்பட்டார். நானும் தலையை ஆட்டினேன்.

ஞாயித்துக்கிழமை நாலு பேர் உட்கார்ந்து வேண்டாத பகுதியை ஊசியால கிள்ளி எடுத்தோம். இந்த வேலையைத் தமிழ் எழுத்துல செஞ்சவங்களுக்குத்தான் அருமை தெரியும். ஆங்கிலத்துல 'ஐ'க்கு மேல ஒரு புள்ளி, அவ்வளவுதான். நமக்கு ஒரு வரிக்குப் பத்துப் புள்ளி. ஒவ்வொண்ணும் மிளகு அளவு. பெரிய எழுத்தை வினைல் எப்படியாவது பிடிச்சுக்கும். புள்ளிக்குப் பசை இருக்கிற இடமே அவ்வளவு கொஞ்சம், வினைல் மோசம்னா முதல்ல கிளம்புறது அதுதான். பேரு நீல நிறத்துல. காலமானவங்க பேருக்கு முன்னால 'அமரர்'ங்கிற சொல் மட்டும் சிவப்புல, சின்ன எழுத்துல. தலைப்பும் சிவப்பு. பார்க்க மங்களகரமா இருந்துச்சு. எல்லாரும் போட்டோ எடுத்தாங்க.

எட்டாவது மாசம் சிவப்பு ரோஸ் ஆச்சு. பத்தாவது மாசம் எழுத்து ஓரத்துல கறுப்புக் கோடு. பதினாலாவது மாசம் புள்ளி உதிர ஆரம்பிச்சது. 'ன்' எல்லாம் 'ன' ஆச்சு, 'ர்' எல்லாம் 'ர' ஆச்சு. காலையில பெருக்குற அக்கா ஒரு சின்ன டப்பாவுல பொறுக்கிப் போட்டு வெச்சு, "அண்ணே, உங்க புள்ளிங்க"ன்னு என்கிட்ட கொடுப்பாங்க. நான் ரோல்ல மிச்சம் இருந்ததுல வெட்டி ஒட்டுவேன். மறுபடி உதிரும்.

வெள்ளிக்கிழமை தவறாம வர்ற ஒரு அம்மா. பேரு வேண்டாம். அவங்க வீட்டுக்காரர் பேரு மூணாவது வரிசையில இருந்துச்சு. அந்தப் பேரைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் உள்ள போவாங்க. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாங்க. "தம்பி, இங்க வாங்களேன்." போய்ப் பார்த்தா, புள்ளி மட்டும் இல்ல, 'அமரர்'ங்கிற சொல்லே முழுசா உதிர்ந்து போயிருக்கு. வெறும் பேரு மட்டும் நிக்குது, மத்தவங்களோட மத்தவங்களா.

"மன்னிச்சிருங்கம்மா, நாளைக்கே ஒட்டிடறேன்"னேன்.

"அவசரம் இல்ல தம்பி. ரெண்டு வாரமா அவரு உயிரோட இருக்காரு. இருந்துட்டுப் போகட்டும்"னாங்க.

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல.

அடுத்த வாரம் தொழிற்சாலையில ஒரு சம்பவம். வேனுக்கு ஒட்டுற வினைல் வந்து இறங்குச்சு. பெட்டியில ஒரு எண், ரோல் உள்குழாய்ல வேற எண். முழு லோடையும் திருப்பி அனுப்பிட்டேன். பத்து நிமிஷத்துல முடிஞ்ச வேலை. எங்ககிட்ட வேலை பார்க்கிற பையன் ஒருத்தன், கோவிலுக்கும் வந்து புள்ளி கிள்ளினவன், பக்கத்துல நின்னு பார்த்துட்டுக் கேட்டான்: "அண்ணே, வேனுக்கு இவ்வளவு பார்க்கிறீங்க. நம்ம கோவில் போர்டுக்கு ஏன் பார்க்கல?"

பதில் சொல்லத் தெரியல. இந்தப் பதிவே அவனுக்குப் பதில்தான்னு வெச்சுக்குங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நம்மில நிறையப் பேர் கோவிலுக்கு, கடைக்கு, வீவக வீட்டுக் கதவுக்குன்னு எதையாவது ஒட்டிக்கிட்டேதான் இருக்கோம். அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

வினைல்ங்கிறது பிவிசி. தண்ணிக் குழாய் போடுற அதே பிவிசிதான். குழாய் எவ்வளவு கெட்டியா இருக்கு, ஸ்டிக்கர் எப்படி வளையுது? நடுவுல மெதுவாக்கிற எண்ணெய் மாதிரி ஒரு சரக்கைக் கலக்கிறாங்க. 1926-ல அமெரிக்காவுல பி.எஃப். குட்ரிச்ங்கிற ரப்பர் கம்பெனியில வால்டோ செமன்னு ஒரு வேதியியல்காரர், இரும்புல ரப்பரை ஒட்டுறதுக்குப் பசை தேடிக்கிட்டிருந்தார். பிவிசியைச் சீக்கிரம் கொதிக்காத ஒரு திரவத்துல போட்டுச் சூடு பண்ணினார். பசை கிடைக்கல. வளையுற பிளாஸ்டிக் கிடைச்சது. அதுக்கப்புறம்தான் இந்தத் தொழிலே.

அந்த மெதுவாக்குற சரக்குலதான் முதல் சூட்சுமம். மலிவு வினைல்ல போடுறது சின்ன மூலக்கூறு. வலையில சின்ன மீன் நழுவுற மாதிரி, வெயில்ல கொஞ்சம் கொஞ்சமா வெளியே வந்துரும், பசைக்குள்ளயும் இறங்கிப் பசையைக் கெடுக்கும். மேல இருக்கிற தாள் விறைச்சுச் சுருங்கும். இதை மோனோமெரிக்னு சொல்வாங்க. விலை கூடினதுல நீளமான மூலக்கூறு போடுவாங்க. அது சுலபமா நழுவாது. அது பாலிமெரிக்.

ரெண்டாவது சூட்சுமம், தாளை எப்படிச் செய்யறாங்கங்கிறது. பெண்கள் சட்டுனு புரிஞ்சுக்குவாங்க. சப்பாத்தி தேய்க்கும்போது, கட்டையை எடுத்ததும் மாவு கொஞ்சம் உள்ள இழுத்துக்கும் இல்லையா? சூடான உருளைகளுக்கு நடுவுல அழுத்தி இழுத்துச் செய்யற வினைல் அப்படித்தான். இழுத்த ஞாபகம் அதுக்குள்ள இருக்கும். வெயில் பட்டா பழைய அளவுக்குப் போகப் பார்க்கும். இதுக்குப் பேரு கேலண்டர் வினைல். இன்னொண்ணு தோசை மாதிரி. பிவிசியைத் திரவமா கரைச்சு ஒரு தாள் மேல ஊத்தி, அடுப்புக்குள்ள விட்டு எடுப்பாங்க. யாரும் இழுக்கல, அதனால திரும்பி ஓட வேண்டிய அவசியமும் அதுக்கு இல்ல. இது காஸ்ட் வினைல். விலை பல மடங்கு.

நம்ம பலகையில எழுத்து ஓரத்துல வந்த கறுப்புக் கோடு என்னன்னு இப்பத் தெரியுதா? எழுத்து உள்ள சுருங்கிருச்சு, பசை மட்டும் பழைய இடத்துலயே நிக்குது, அதுல ஊதுபத்திப் புகையும் ரோட்டுத் தூசியும் ஒட்டிக்கிச்சு. அவ்வளவுதான். தேக்கா பக்கம் போனா கேம்பல் லேன், டன்லப் ஸ்திரீட் கடைகளை நிமிர்ந்து பாருங்க. ஐந்தடி நடைபாதை நிழல்ல இருக்கிற கண்ணாடி எழுத்து அப்படியே இருக்கும். அதே கடையில வெயில் படுற மேல் போர்டுல இந்தக் கறுப்புக் கோடு இருந்தா, என்ன சரக்குன்னு கிட்டப் போகாமலே சொல்லிடலாம். நான் மனைவியோட மளிகை வாங்கப் போனாலும் இதைத்தான் பார்த்துட்டு நிப்பேன். வீட்டுல திட்டு விழும்.

இப்ப எல்லாரும் கேக்குற கேள்வி: "அண்ணே, எந்த பிராண்டு நல்லது?"

3எம், ஏவரி டென்னிசன், ஒராக்கல், மூணும் உலகம் முழுக்க ஓடுற பேரு. ஆனா "ஒராக்கல் ஒட்டியிருக்கோம்"னு சொன்னா அதுக்கு அர்த்தமே கிடையாது. ஒரே மூட்டைப் பேர்ல பொன்னியும் வரும், குருணையும் வரும். கேக்க வேண்டியது எண். பெர்லினுக்குப் பக்கத்துல ஒரானியன்பர்க்ங்கிற ஊர்ல ஒரஃபோல் கம்பெனி செய்யறதுதான் ஒராக்கல். அதுல 631 உள் சுவருக்கும் கண்காட்சிக்கும். பிறகு உரிச்சா சுவர் கெடாம வர்ற மாதிரி லேசான பசை. 651 கேலண்டர் வகை, ஓரளவு வெளியே தாங்கும். 751-ம் 951-ம் காஸ்ட். ஏவரியோட பிரிண்டிங் வினைல்ல எம்பிஐ 1000 வரிசை காஸ்ட், 2000 வரிசை பாலிமெரிக், 3000 வரிசை மோனோமெரிக். 3எம்-ல ஐஜே180 காஸ்ட், வேன் முழுக்கச் சுத்துறதுக்கு. ஐஜே35, ஐஜே40 கேலண்டர். கடைக்காரர் எண்ணைச் சொல்லாம "நல்ல சரக்கு பாஸ், ஜெர்மன்"னு மட்டும் சொன்னா, கொஞ்சம் நின்னு யோசிங்க.

இதுலயும் நாங்க ஒரு தடவை அடி வாங்கினோம். பலகை கெட்டதும் கமிட்டியில, "இனிமே பேர் போன பிராண்டு மட்டும்தான்"னு தீர்மானம். ஒருத்தர் ஆர்வமா தன் காசுல வாங்கிட்டு வந்தார். பெரிய பேருதான், பெட்டி, லேபிள் எல்லாம் சரியா இருந்துச்சு. கால் கழுவுற இடத்துக்குப் பக்கத்துல 'வழுக்கும், கவனம்'னு ஒட்டினாங்க. ரெண்டு மாசத்துல எழுத்து கழண்டு தொங்குச்சு. அப்புறம்தான் லேபிளைப் படிச்சேன். உள்ளே ஒட்டி உரிக்கிற ரகம். அதைத் தினமும் தண்ணி அடிக்கிற இடத்துல ஒட்டியிருக்கோம். கம்பெனி மேல ஒரு குத்தமும் இல்ல. பட்டு வேட்டியைக் கட்டிக்கிட்டு வடிகால் அள்ளப் போனா யார் குத்தம்?

வருஷக் கணக்கையும் பார்த்துப் படிங்க. 651-க்கு டேட்டா ஷீட்ல கறுப்பு, வெள்ளைன்னா 6 வருஷம் வரைக்கும், மத்த நிறம்னா 4 வருஷம் வரைக்கும்னு இருக்கும். கீழேயே சின்ன எழுத்துல இன்னொண்ணும் இருக்கும்: நேரா நிக்கிற சுவர்ல, மத்திய ஐரோப்பிய சீதோஷ்ணத்துலன்னு. நாம இருக்கிறது பூமத்திய ரேகைக்கு ஒண்ணேகால் டிகிரி மேல. மார்ச்சுலயும் செப்டம்பர்லயும் மத்தியானம் நம்ம நிழல் காலுக்கடியிலதான் கிடக்கும். பெர்லின் கணக்கு இங்க செல்லாது. நான் என் அனுபவத்துல பாதியா குறைச்சுத்தான் வாடிக்கையாளர்கிட்ட சொல்வேன். சாய்வா, படுக்கையா ஒட்டினா அதுலயும் பாதி. நிறத்துல கறுப்பும் வெள்ளையும்தான் நின்னு விளையாடும். சிவப்பு சீக்கிரம் போயிரும். நம்ம கோவில்னா சிவப்பும் மஞ்சளும்தான் பிடிக்கும், என்ன செய்யறது.

கையால சோதிக்க முடியுமான்னா, முடியும்.

கனத்தை வெச்சு ஏமாறாதீங்க. தடியா இருந்தா உறுதின்னு எல்லாரும் நினைக்கிறோம். நல்ல காஸ்ட் வினைல் 50 மைக்ரான்தான் இருக்கும், தலைமுடியைவிட மெல்லிசு. மலிவுச் சரக்கு 80, 100 இருக்கும். ஒரு துண்டை உரிச்சு விரல்ல சுத்திப் பாருங்க. மெத்துன்னு விரலோட படிஞ்சா நல்லது. விறைச்சுத் திமிறினா யோசிக்கணும்.

நான் நம்புறது சிலுவை வெட்டுதான். ஒரு அலுமினியத் தகட்டுல உள்ளங்கை அளவு துண்டை ஒட்டி, பிளேடால பெருக்கல் குறி மாதிரி கீறணும். தொழிற்சாலையில அதை 70 டிகிரி அடுப்புல ரெண்டு நாள் வைப்போம். வெளியே எடுத்ததும் கீறல் எவ்வளவு வாய் பிளந்திருக்குன்னு அளக்கிறது. நல்ல சரக்குன்னா முடி இழை அளவுகூட இருக்காது. மட்டமானதுல நகம் நுழையும். அடுப்பு இல்லாதவங்க திறந்தவெளி கார் பார்க்ல நிக்கிற கார்ல, முன் கண்ணாடிக்கு அடியில ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. ஏறக்குறைய அதே பதில் கிடைக்கும்.

பசைக்கு, ஒட்டின தகட்டை ஒரு ராத்திரி வாளித் தண்ணியில போடுங்க. காலையில ஓரம் பால் மாதிரி வெளுத்திருந்தா வெளியே ஒட்டாதீங்க. அப்புறம் ரோலோட வயசு. நிறையக் கம்பெனி 2 வருஷத்துக்குள்ள பயன்படுத்தச் சொல்றாங்க, அதுவும் குளிர்ச்சியான இடத்துல பெட்டியோட வெச்சிருந்தா. நம்ம அண்ணன் கொடுத்த ரோல் மூடின கடைக்குள்ள ஏசி இல்லாம எத்தனை வருஷம் வெந்துச்சோ.

கோவிலுக்குன்னு தனியா ஒரு எதிரி இருக்கு, எண்ணெய். விளக்கு மேடைக்குப் பக்கத்துல எவ்வளவு நல்ல வினைலும் சீக்கிரம் கெட்டுப்போறதை நான் பார்த்திருக்கேன். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு ஓரம் ஊறிப் பசை வழியும். குங்குமக் கை பட்டா சாயம் இறங்கிரும், துடைச்சாலும் போகாது. அங்கெல்லாம் வினைலே வேண்டாம். கருங்கல் தூண்லயும் வேண்டாம், சொரசொரப்புல பசைக்குப் பிடிமானம் கிடையாது. ஒரு பலகையில ஒட்டிப் பலகையை மாட்டுங்க.

தரையில ஒட்டுற அம்புக்குறி பத்தி ஒரே ஒரு வார்த்தை. வழுக்காத மேலுறை போடாம தரையில எதையும் ஒட்ட நான் சம்மதிக்க மாட்டேன். பால்குடம் தூக்கிட்டு வெறுங்காலோட வர்றவங்க, தரையில பால் சிந்தியிருக்கும். ஓரம் கிளம்பின ஸ்டிக்கர்ல ஒரு அக்கா கால் தடுக்கினதை நான் கண்ணால பார்த்தேன். குடம் விழல, அவங்களும் விழல. அது போதும் எனக்கு.

இப்ப அந்த அண்ணன் விஷயம். பலகையைக் கழட்டறதுக்கு முன்னால அவரைப் போய்ப் பார்த்தேன். ஊர் முழுக்கக் கேட்டுட்டு, அவருக்குக் கடைசியில தெரிஞ்சா நல்லா இருக்காது. கோமளவிலாஸ்ல காப்பி வாங்கிக் கொடுத்துட்டு, சுத்தி வளைச்சு ஒருவழியா சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"ஏன் தம்பி, அதை வெளிப் பலகைக்கா போட்டீங்க? அது விலைச்சீட்டு ஒட்டுற சரக்குப்பா. என் கடையில நானே அதை வாசல் போர்டுக்கு வெட்ட மாட்டேன். நீங்க திருவிழா நோட்டீஸு, அம்புக்குறின்னு எதுக்காச்சும் வெச்சுக்குவீங்கன்னு நினைச்சுல்ல கொடுத்தேன். உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிஞ்சதுதான். அவருக்கும் தெரிஞ்சதுதான். அன்னைக்கு மண்டபத்துல "அண்ணே, இது எதுக்கு ஆகும்?"னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அவர் மனசு புண்படும்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். இதை எழுதலாமான்னு அவர்கிட்ட கேட்டேன். "தாராளமா எழுது. கடைப் பேரை மட்டும் போட்டுடாதே"ன்னார்.

மிச்ச ஆறு ரோலும் இப்ப சரியான வேலைக்குப் போகுது. தைப்பூசத்துக்கு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவில்ல இருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் வரைக்கும் நடக்கிறவங்களுக்காக நம்ம பிள்ளைங்க தண்ணீர் கொடுக்கப் போறாங்க. 'மோர்', 'குடிநீர்', 'குப்பை இங்கே'ன்னு இம்ப்ரா போர்டுல ஒட்டுறதுக்கு இந்த ரோல் பிரமாதம். ரெண்டு நாள் வேலை, அப்புறம் கழட்டிடுவோம். அதுக்குப் போய்க் காஸ்ட் வினைல் வாங்கினா அதுதான் கோவில் காசை வீணாக்குறது. அண்ணனே வந்து வெட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கார்.

புதுப் பலகை விவரம் இதுதான். அடுத்த குடமுழுக்கு 12 வருஷம் கழிச்சு வரும். அதுவரைக்கும் இங்க வெயில்ல நிக்கும்னு எந்த வினைலையும் நம்பி என்னால கையெழுத்துப் போட முடியாது. கருங்கல்லுல வெட்டலாம்னு சிலர் சொன்னாங்க, நல்ல யோசனைதான், ஆனா 212 பேரை வெட்டுற செலவு இப்ப கமிட்டிக்குத் தாங்காது. அதனால பலகையை வெளிச் சுவர்ல இருந்து உள் பிரகாரத்துக்கு, கூரைக்கு அடியில மாத்தறோம். காஸ்ட் வினைல், பெட்டி பிரிக்கிறதுக்கு முன்னால எண்ணையும் தேதியையும் பொருளாளருக்குக் காட்டிட்டேன். எழுத்தெல்லாம் கறுப்பு. தலைப்பு மட்டும் சிவப்பு, அது வெளுத்தா தனியா மாத்திக்கலாம். புள்ளி எல்லாம் 6 மில்லிமீட்டருக்குக் குறையாம வரைஞ்சிருக்கேன். பார்க்கக் கொஞ்சம் குண்டா தெரியும், பழகிடும். 'அமரர்'ங்கிற சொல்லும் பேரு அளவுக்கே வரும். பலகைக்குப் பின்னால வினைல் எண், லாட் எண், ஒட்டின தேதி, ஆறாவது வருஷம் பரிசோதிக்கணும்ங்கிற குறிப்பு நாலையும் அழியாத பேனாவால எழுதி வெக்கிறேன். நான் இல்லாட்டியும் அடுத்தவர் என்ன ஒட்டியிருக்குன்னு தேட வேண்டியதில்ல.

அந்த அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், பலகை உள்ள வருதும்மான்னு. "தொடற உயரத்துல இருக்குமா தம்பி?"ன்னு கேட்டாங்க. முதல்ல ஏழடி உயரத்துல மாட்டுறதாத்தான் வரைபடம். இப்ப மாத்தி நாலடியில இருந்து ஆரம்பிக்குது. விளக்கு மேடையில இருந்து தள்ளித்தான் இருக்கு, ஆனாலும் எண்ணெய்க் கையோட தொடுவாங்கன்னு எனக்குத் தெரியும். மூணாவது வரிசைக்கு மட்டும் கூடுதலா ஒரு செட் எழுத்து வெட்டி வெச்சிருக்கேன்.

பேருல பிழை இருந்தா, இன்ஷியல் மாறியிருந்தா, போன தடவை விட்டுப்போயிருந்தா இந்த வியாழக்கிழமைக்குள்ள அலுவலகத்துல எழுதிக் கொடுத்துருங்க. யாராவது காலமாகியிருந்தா அதையும் சொல்லிடுங்க.

ஞாயித்துக்கிழமை காலை 9 மணிக்கு மண்டபத்துல எழுத்து கிள்ளுற வேலை. கை நடுங்காதவங்க ஆறு பேர் தேவை. மூக்குக் கண்ணாடி போடுறவங்க மறக்காம எடுத்துட்டு வாங்க. பழைய எழுத்தை உரிக்க முடி உலர்த்துற டிரையர் ரெண்டு வேணும், இருக்கிறவங்க கொண்டாந்தா உதவியா இருக்கும். கத்தியால சுரண்ட யாரும் வர வேண்டாம், பலகை கீறிடும். மத்தியானச் சாப்பாடு கோவில்லயே.